42 கிலோமீட்டர் ஓடினால் யாருக்கு லாபம்?

முன்பெல்லாம் திருவிழா சமயத்தில் ஊர்த் திடலில் ஒருவர் சைக்கிளில் வட்டம் அடித்துக்கொண்டே இருப்பார். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று கணக்கு. கால் தரையில் படக்கூடாது. சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. மைக் செட்டில் சினிமாப் பாட்டு அலறும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ அவர் சட்டையில் குத்திவிட்டுப் போவார்கள். அவர் சுற்றியதால் பணம் குத்தியவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. விற்பனை என்றால் விற்பவர், வாங்குபவர், சரக்கு மூன்றும் வேண்டும் என்று காமர்ஸ் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே சரக்கு எது? அந்த மனிதர் படுகிற சிரமம்தான் சரக்கு!

லண்டனில் வருடா வருடம், பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில், இதே சரக்கு பிரம்மாண்டமாக விலை போகிறது. லண்டன் மாரத்தானில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் 42.195 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். அதில் ஜெயிப்பதற்காக ஓடுகிறவர்கள் ஒரு கைப்பிடி. மற்றவர்களில் ஏராளமானவர்கள் ஏதோ ஒரு தொண்டு அமைப்பின் பெயர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். புற்றுநோய், இதய நோய், முதியோர் இல்லம், நாய்கள் காப்பகம்... அந்தக் கூட்டத்தில் ஆட்டிசம் அமைப்புகளின் பனியன்களும் உண்டு. "நான் ஓடி முடிக்கிறேன், நீங்கள் ஒரு பத்து பவுண்டு கொடுங்கள்" என்று ஆபீசிலும் சொந்தக்காரர்களிடமும் கேட்டுத் திரட்டிய பணம் அந்த அமைப்புக்குப் போகும். 2024-ல் மட்டும் இப்படி வந்தது ஏழு கோடி பவுண்டுக்கு மேல். 1981-ல் இருந்து கூட்டினால் 2019-லேயே நூறு கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

ஒருவர் மூச்சிரைக்க ஓடுவதற்கும், எங்கோ ஒரு வீட்டில் நாலு வயதாகியும் பேசாமல் இருக்கிற குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? யோசித்தால் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான கதை.

மாரத்தானின் ஆரம்ப காலத்தில் ஒரு முறை பணம் திரண்டது ஓடி ஜெயித்தவருக்காக அல்ல, தோற்றவருக்காக. 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ், ஜூலை 24. வின்ட்சர் கோட்டையில் இருந்து வொயிட் சிட்டி மைதானம் வரை ஓட்டம். (இப்போதைய 42.195 என்ற விநோதமான தூரம் அன்றைக்கு ஓடிய பாதையின் நீளம்தான். அதை நிரந்தரமாக்கியது 1921-ல்.) இத்தாலிக்காரர் டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். வந்தவருக்குத் திசை தெரியவில்லை. தப்பான பக்கம் ஓடினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசி நானூறு மீட்டர்கூட இல்லை, அதற்குப் பத்து நிமிடம் ஆனது. பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகள் மனசு கேட்காமல் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அவ்வளவுதான், "உதவி பெற்றார்" என்று தகுதி நீக்கம். தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போனது.

மறுநாள் இங்கிலாந்து ராணி அலெக்சாண்ட்ரா பியெத்ரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். முக்கியமான விஷயம் அதுவல்ல. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் அந்தப் போட்டியை மைதானத்திலேயே உட்கார்ந்து பார்த்து டெய்லி மெயில் பத்திரிகைக்கு எழுதினார். பிறகு அதே பத்திரிகை வழியாக, பியெத்ரி சொந்த ஊரில் ஒரு ரொட்டிக்கடை வைப்பதற்காக நிதி கேட்டார். சுமார் 300 பவுண்டு சேர்ந்தது. அந்தக் காலத்து 300 பவுண்டு! ஜெயித்த ஹேய்ஸுக்காக யாரும் உண்டியல் குலுக்கவில்லை. கீழே விழுந்தவரைப் பார்த்துத்தான் கூட்டம் பர்ஸைத் திறந்தது. இந்தப் பாடத்தை நிதி திரட்டுகிறவர்கள் பிற்பாடு நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். அது பின்னால் வரும்.

தனக்காக இல்லாமல் அடுத்தவர்களுக்காக மாரத்தான் ஓடி நிதி திரட்டியவர் என்றால் ஸ்டைலியானோஸ் கிரியாகிடிஸைச் சொல்ல வேண்டும். நம் பக்கம் அதிகம் தெரியாத பெயர். சைப்ரஸ் தீவில் பிறந்து கிரீஸுக்காக ஓடியவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் 11-வதாக வந்தார். 1938-ல் பாஸ்டன் போய், புது ஷூ காலைக் கடித்துப் பாதியில் நின்றார். பிறகு போர் வந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த கிரீஸில் 1941-42 குளிர்காலப் பஞ்சம் பயங்கரமானது. ஏதென்ஸ் தெருக்களில் பிணங்களை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். கிரியாகிடிஸும் அவர் மனைவி, குழந்தைகளும் அந்தப் பஞ்சத்தைத் தாண்டி வந்தவர்கள்.

1946-ல் அவருக்கு 36 வயது. பல வருடமாக ஒழுங்கான பயிற்சி இல்லை, உடம்பில் சதை இல்லை. வீட்டுச் சாமான்களை விற்று அமெரிக்காவுக்குப் போனார் என்று சொல்வார்கள். பாஸ்டனில் அவரைப் பரிசோதித்த டாக்டர்கள் ஓடவிடத் தயங்கினார்களாம், அவ்வளவு எலும்பும் தோலுமாக இருந்திருக்கிறார். ஏப்ரல் 20 அன்று அவர் பாஸ்டன் மாரத்தானில் ஓடினார். முன்னால் போன ஜானி கெல்லியைக் கடைசிக் கட்டத்தில் பிடித்து, 2 மணி 29 நிமிடம் 27 விநாடியில் முதலாவதாக வந்தார். மறுநாள் பேப்பர் எல்லாம் அவர்தான். அவர் உடனே கப்பல் ஏறிவிடவில்லை. சில வாரங்கள் அமெரிக்காவிலேயே தங்கி, கிரேக்க வம்சாவளியினரிடமும் மற்றவர்களிடமும் கிரீஸின் பசியைப் பற்றிப் பேசினார். உணவு, துணி, மருந்து என்று கப்பல் கப்பலாகப் போயிற்று. ரொக்கமாக இரண்டரை லட்சம் டாலர் சேர்ந்ததாகக் கணக்கு. மே மாதம் அவர் ஏதென்ஸ் திரும்பியபோது ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிரியாகிடிஸ் ஜெயித்ததால்தான் அவர் பேச்சு எடுபட்டது. நாற்பதாவது ஆளாக வந்திருந்தால் அவர் பசியைப் பற்றிச் சொன்னதை யார் கேட்டிருப்பார்கள்? சாதாரண ஆள், ஜெயிக்கவே முடியாத ஆள் ஓடியும் பணம் திரட்டலாம் என்பதைக் காட்டியவர் டெர்ரி ஃபாக்ஸ். கனடாக்காரர். எலும்புப் புற்றுநோயால் 1977-ல் வலது காலை முட்டிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12-ல் கனடாவின் கிழக்குக் கோடியில் இருந்து செயற்கைக் காலோடு மேற்கு நோக்கி ஓட ஆரம்பித்தார். தினமும் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரம். ஒவ்வொரு கனடியரும் ஒரு டாலர் தர வேண்டும் என்பது அவர் கணக்கு. 143 நாள், 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்குப் புற்றுநோய் பரவியதால் செப்டம்பர் 1-ல் ஓட்டம் நின்றது. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது, அப்போதைய கனடா மக்கள் தொகைக்குத் தலைக்கு ஒரு டாலர்! அந்த வருடம் ஜூன் 28-ல், 22 வயதில் இறந்துபோனார்.

அதே 1981, மார்ச் 29. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் முதல் லண்டன் மாரத்தான் நடந்தது. ஏற்பாடு செய்தவர்கள் கிறிஸ் பிராஷர், ஜான் டிஸ்லி. இரண்டு பேரும் பழைய ஒலிம்பிக் பதக்கக்காரர்கள். 1979-ல் நியூயார்க் மாரத்தானில் ஓடிவிட்டு வந்து, "நம் ஊரில் இது நடக்குமா?" என்று பிராஷர் பத்திரிகையில் கேட்ட கேள்வியில் பிறந்த யோசனை. இருபதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், 6,255 பேர் ஓடி முடித்தார்கள். முன்னால் வந்த இரண்டு பேர், ஒரு அமெரிக்கர், ஒரு நார்வேக்காரர், கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். போட்டியில் மிஞ்சும் பணத்தை விளையாட்டு மைதானங்களுக்குத் தருவது என்பது ஆரம்பத்திலேயே போட்ட திட்டம். ஆனால் ஓடியவர்கள் தாங்களாகவே ஸ்பான்சர் ஃபாரத்தை நீட்ட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் இது 1988-ல் அமைப்பு ரீதியாகவே வந்தது. புரூஸ் கிளேலண்ட் என்ற அப்பா, ரத்தப் புற்றுநோய் வந்த தன் மகளுக்காக 38 பேரைத் திரட்டி நியூயார்க் மாரத்தானில் ஓட வைத்தார். 3,22,000 டாலர் வந்தது. அன்றிலிருந்து, பயிற்சியை அமைப்பு தரும், பணத்தை ஓடுகிறவர் கொண்டுவருவார் என்கிற ஒப்பந்தம் எல்லா ஊருக்கும் பரவிவிட்டது.

ஓட்டத்தை இங்கே நிறுத்திவிட்டு, அதே லண்டனில் ஒரு இருபது வருடம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் வாங்குகிற கை யாருடையது, அது ஏன் நீண்டது என்று தெரியாமல் கொடுத்த கையைப் பற்றி மட்டும் பேசினால் கணக்கு பாதிதான்.

ஆட்டிசம் என்ற வார்த்தையைத் தமிழ்ப் பத்திரிகைகள் "மன இறுக்கம்" என்று எழுதிப் பழகிவிட்டன. பரீட்சைக்கு முந்தின நாள் நமக்கு வருவதும் "மன இறுக்கம்"தான்! அதனாலேயே பாதிப் பேர் இதை டென்ஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. மூளை வளர்கிற விதத்திலேயே இருக்கிற வித்தியாசம். பேச்சு, பழக்கவழக்கம், சத்தம், வெளிச்சம், தொடுகை எல்லாவற்றையும் வேறு மாதிரி உணர்கிறவர்கள். 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையில் இருந்துதான் பெரும்பாலும் கதையை ஆரம்பிப்பார்கள். அதற்கும் முன்னால் 1920-களிலேயே சோவியத் ரஷ்யாவில் குருன்யா சுகரேவா என்ற பெண் டாக்டர் இதேபோன்ற சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அதை உலகம் கவனிக்கப் பல பத்தாண்டுகள் ஆனது.

கேனருடைய கட்டுரையில் ஒரு விஷமும் கலந்திருந்தது. இந்தக் குழந்தைகளின் பெற்றோர்கள் பாசம் குறைந்தவர்கள் என்ற தொனி. அதை ஊதிப் பெரிதாக்கியவர் சிகாகோவில் இருந்த புரூனோ பெட்டல்ஹைம். அம்மா பாசம் காட்டாததால்தான் குழந்தை உள்ளுக்குள் ஒடுங்கிப்போகிறது என்றார். "ஃபிரிட்ஜ் அம்மா" என்றே ஒரு பட்டப்பெயர் உண்டாகிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடிய தாய்க்கு, "நோய்க்குக் காரணமே நீதான்" என்று பதில்! பல வருடம் நடந்த கொடுமை இது. இதில் இன்னொரு விளைவும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. போலியோ வந்த குழந்தைக்கு என்று உண்டியல் வைத்தால் ஜனங்கள் போடுவார்கள். பெற்றவர்கள் செய்த தப்பு என்று முத்திரை குத்தப்பட்ட ஒன்றுக்கு எவன் போடுவான்?

பிரிட்டனில் சட்டமும் சாதகமாக இல்லை. "கல்வி கற்கத் தகுதியில்லாதவர்" என்று ஒரு குழந்தையை அதிகாரபூர்வமாகவே ஒதுக்கி வைக்க அப்போது வழி இருந்தது. அப்படி எழுதிவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது. மிச்சம் இருந்தது வீடு, இல்லாவிட்டால் பெரிய மனநல ஆஸ்பத்திரி. இந்த ஏற்பாட்டை மாற்றிய சட்டம் 1970-ல்தான் வந்தது, 1971 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

அதற்காகக் காத்திருக்காமல் 1962-ல் லண்டனில் சில பெற்றோர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதில் லோர்னா விங் ஒருவர். அவரே மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் அம்மா. (ஆட்டிசம் என்பது ஒரே மாதிரி இருப்பதல்ல, அகன்ற ஒரு நிறமாலை என்ற இன்றைய பார்வைக்கு அவருடைய ஆராய்ச்சி முக்கியமான காரணம்.) இன்னொருவர் சிபில் எல்கர். பெற்றோர் அல்ல, டீச்சர். மாண்டிசோரி படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆஸ்பத்திரியில் இந்தக் குழந்தைகள் இருந்த நிலையைப் பார்த்து அதிர்ந்துபோய், லண்டனில் தன் வீட்டின் அடித்தளத்திலேயே வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். அந்த அடித்தள வகுப்புதான் விதை. 1965-ல் சங்கம் ஈலிங் பகுதியில் சொந்தப் பள்ளியைத் திறந்தது. 1974-ல் சாமர்செட்டில் பெரியவர்களுக்கான ஓர் இல்லமும் வந்தது. குழந்தைகள் வளர்ந்துவிடுவார்கள் அல்லவா? அப்புறம் அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் பொது. இந்தச் சங்கம்தான் இன்றைக்கு நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி.

கட்டிடம், டீச்சர் சம்பளம், வண்டி எல்லாமே பணம். சட்டம் கைவிட்ட இடத்தில் உண்டியல்தான் வழி. அமெரிக்காவிலும் இதே கதை. ஆட்டிசம் உள்ள மகனின் அப்பாவான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் எழுதிய புத்தகத்தில் "அம்மா காரணம்" என்ற கதையை ஆதாரத்தோடு உடைத்தார். அடுத்த வருடமே பெற்றோர் சங்கம். இந்தியாவில் மெர்ரி பருவா என்ற அம்மா 1991-ல் டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பை ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வந்த 1995 ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில்கூட ஆட்டிசம் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது, முழு உரிமைப் பட்டியலில் ஏற 2016 ஆனது. எல்லா நாட்டிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் அம்மா அப்பா, பிறகு உண்டியல், கடைசியாக அரசாங்கம்.

இனி பழைய இடத்துக்கு, லண்டன் தெருவுக்கு வருவோம். இரண்டு கதையையும் கட்டிப்போட்ட கயிறு ஒரு வணிக ஒப்பந்தம். 1990-களில் லண்டன் மாரத்தான் நிர்வாகம் "கோல்டன் பாண்ட்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஓட இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2025 ஓட்டத்துக்கு 8,40,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் விழாதவருக்கு ஒரு மாற்று வழி: தொண்டு அமைப்புகள் சில நூறு பவுண்டு கொடுத்து ஓர் இடத்தை மொத்த விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும். ஓட ஆசைப்படுகிறவர் "இவ்வளவு திரட்டித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்து அந்த இடத்தை வாங்கிக்கொள்வார். நம் கோயம்பேடு மண்டிக்காரர் சொல்வது மாதிரி மொத்தத்தில் எடுத்து சில்லறையில் விற்பது!

உதாரணத்துக்கு ஒரு கணக்கு (எண்கள் எல்லாம் கற்பனை). இடத்தின் விலை 350 பவுண்டு. ஓடுகிறவர் கொண்டுவருவது 2,000. கொடுத்தவர்கள் எல்லாம் பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர்கள் என்றால் "கிஃப்ட் எய்ட்" என்ற சலுகைப்படி ஒவ்வொரு 10 பவுண்டுக்கும் அரசாங்கம் இரண்டரை பவுண்டு சேர்த்துத் தரும். ஆக 2,500. விலையைக் கழித்தால் 2,150. பனியன், தபால், ஆள் சம்பளம் போக மீதி. இதில் ரிஸ்க் யாருக்கு? வாக்குக் கொடுத்தவர் ஐநூறோடு நின்றுவிட்டால் அமைப்புக்குத்தான். இந்தக் கிஃப்ட் எய்ட் சலுகைக்கு முன்பு குறைந்தபட்சத் தொகை ஒன்று இருந்தது. 2000-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதே நேரத்தில் ஜஸ்ட்கிவிங் போன்ற தளங்களும் வந்தன. ஓடி முடித்த பிறகு ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வசூலுக்கு அலைவது போய், ஓடுவதற்கு முன்பே பணம் வந்து விழ ஆரம்பித்தது. வசூல் எகிறியதற்கு ஓடுகிறவர்களின் கால் மட்டும் காரணமல்ல, கம்ப்யூட்டரும் வரிச் சட்டமும் சேர்ந்துதான்.

பெரிய அமைப்புகளுக்கு இது வசதி. ஓர் ஊரில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து நடத்துகிற சின்ன ஆட்டிசம் சங்கத்துக்கு? இடம் வாங்கவே வரிசை. பிறகு "சில்வர் பாண்ட்" என்று ஒன்று வந்தது, ஐந்து வருடத்துக்கு ஒரே ஓர் இடம். ஐந்து வருடத்துக்கு ஒரு ஆள் ஓடி எத்தனை டீச்சருக்குச் சம்பளம் கொடுப்பது?

நடந்தால் கொடுக்காதவர்கள் ஓடினால் மட்டும் ஏன் கொடுக்கிறார்கள்? இதைக் கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். ஒரே நல்ல காரியத்துக்குப் பிக்னிக் மாதிரி சுகமான நிகழ்ச்சி வைத்தால் தருவதாகச் சொன்னதைவிட, வலியும் உழைப்பும் உள்ள ஓட்டம் வைத்தால் ஜனங்கள் அதிகம் தருவதாகச் சொன்னார்கள். தியாகி விளைவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரின் கொப்பளித்த காலைப் பார்த்த நமக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

ஆனால் இந்தச் சரக்குக்கு ஒரு வேண்டாத துணைச் சரக்கும் உண்டு. ஓடுகிறவர் வலியைக் காட்டினால் மட்டும் போதாது, யாருக்காக ஓடுகிறாரோ அவருடைய நிலைமையும் பரிதாபமாகத் தெரிய வேண்டும். 1963-லேயே பிரிட்டிஷ் சங்கம் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது ஒரு புதிர்த் துண்டு, அதற்குள் அழுகிற குழந்தை. வேறு எந்த அமைப்பின் சின்னம் மாதிரியும் இல்லாமல் கண்ணில் பட வேண்டும் என்பது காரணம். வரைந்தவரும் ஒரு பெற்றோர்தான். பணமும் இல்லாமல், பழியும் சுமந்துகொண்டிருந்த அந்தப் பெற்றோரைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் அந்தப் படத்துக்குள் இருந்த குழந்தை வளர்ந்து பெரியவனாகி, "என்னைப் பற்றியா இது?" என்று கேட்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

குழந்தைகள் வளர்ந்தார்கள், கேட்டார்கள். 1993-ல் கனடாவின் டொரண்டோவில் நடந்த ஒரு மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசம் உள்ளவர் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பேசினார். அது அந்த இயக்கத்தின் அடித்தளப் பேச்சானது. 2005-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் ஸ்பீக்ஸ் என்ற பெரிய அமைப்பு வந்தது. ஆரம்பித்தவர்கள் என்பிசி டிவியின் தலைவராக இருந்த பாப் ரைட்டும் அவர் மனைவியும், பேரனுக்காக. ஹோம் டிப்போ கடைகளின் நிறுவனர்களில் ஒருவர் இரண்டரைக் கோடி டாலர் கொடுத்தார். நடை, ஓட்டம் என்று நாடு முழுக்க வசூல். 2009-ல் அது வெளியிட்ட ஒரு விளம்பரப் படத்தில் ஆட்டிசமே ஒரு வில்லன் குரலில், உங்கள் குடும்பத்தை அழிப்பேன் என்கிற பாணியில் மிரட்டும். அதைக் கேட்டு ஆட்டிசம் உள்ளவர்களே தெருவில் இறங்கினார்கள். 2006-ல் உருவாகியிருந்த அவர்களுடைய சொந்த அமைப்பு முன்னால் நின்றது. எங்களைப் பற்றிய எதையும் எங்களைக் கேட்காமல் செய்யாதே என்பது அவர்கள் வாதம். பணம் ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது, இன்றைக்கு உயிரோடு இருக்கிறவனின் வேலைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு போகிறது என்றும் கேட்டார்கள். காமர்ஸ் மாணவர்கள் யாரும் அசட்டை செய்ய முடியாத கேள்வி! படம் திரும்பப் பெறப்பட்டது. 2016-ல் அந்த அமைப்பு தன் குறிக்கோளில் இருந்து "குணப்படுத்துவது" என்ற வார்த்தையையே எடுத்துவிட்டது.

இதே காலத்தில்தான் தடுப்பூசிப் பீதியும். 1998-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரையை 2010-ல் இதழே வாபஸ் வாங்கியது. நடுவில் போன 12 வருடமும், தடுப்பூசிக்குச் சம்பந்தம் இல்லை என்று மறுபடி மறுபடி நிரூபிக்கப் போன பணமும் திரும்பி வராது.

ஓடுகிறவர் ஒருவர், யாருக்காக ஓடுகிறாரோ அவர் இன்னொருவர். இந்த ஏற்பாட்டை உடைத்ததில் ஒரு கொரிய இளைஞருக்குப் பங்கு உண்டு. பே ஹியோங்-ஜின், ஆட்டிசம் உள்ளவர். 2001-ல் சுன்ச்சோன் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். பல வருடம் பயிற்சி எடுத்த சாதாரண ஓட்டக்காரர்களுக்கே அந்த மூன்று மணி நேரம் கனவு. அவர் கதையை வைத்து 2005-ல் "மாரத்தான்" என்றே ஒரு படம் வந்து, கொரியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். நல்ல படம், கிடைத்தால் பாருங்கள். படத்தின் சிறப்பே அது அழ வைப்பதில் இல்லை. பையன் ஓட ஆசைப்படுகிறானா, அம்மாவின் ஆசைக்காக ஓடுகிறானா, "போதும்" என்று சொல்ல அவனுக்குத் தெரியுமா என்று அந்த அம்மாவே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கட்டம் வருகிறது. 1962-ல் இருந்து எல்லாச் சங்கங்களுக்கும் உரிய கேள்வி அது.

2007-ல் ஐ.நா. ஏப்ரல் 2-ஐ உலக ஆட்டிசம் விழிப்புணர்வு தினம் என்று அறிவித்தது. லண்டனும் பாஸ்டனும் ஓடுகிற மாதம்!

அமெரிக்காவின் மைக்கி பிரானிகன் சிறு வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர். 2016-ல் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடினார். பாராலிம்பிக்ஸில் டி20 என்ற அறிவுத்திறன் குறைபாட்டுப் பிரிவில் ஓடுகிறவர்களில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். அடுத்த மாதமே ரியோவில் 1500 மீட்டரில் தங்கம். அந்த டி20 பிரிவுக்கு ஒரு பழைய காயம் உண்டு. 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் ஸ்பெயின் கூடைப்பந்து அணியில் குறைபாடே இல்லாதவர்கள் நடித்து விளையாடித் தங்கம் வாங்கியது அம்பலமானது. அதனால் உண்மையானவர்களையும் சேர்த்து 12 வருடம் வெளியே நிறுத்தினார்கள். 2012 லண்டனில்தான் கதவு மறுபடி திறந்தது. ஆட்டிசம் இருந்தும் அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்களுக்கு அந்தப் பிரிவில் இன்றைக்கும் இடமில்லை. இடம் உள்ளவர்களுக்கும் 2024 பாரிஸ் வரை அதிகபட்ச ஓட்டம் 1500 மீட்டர்தான். மாரத்தான் கிடையாது.